நூற்றுப்பத்தாவது கிலோமீட்டரில் ஒரு கோடு

பொழுது சாய்ந்து நாலு மணி நேரமாகிறது. வளிமண்டல ஆய்வு நிலையத்தின் கருவி கால் மணிக்கொரு முறை வானத்துக்கு ரேடியோ அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பிய உயரத்தைத் திரையில் வரைகிறது. அளவீடு எடுக்கும் பெண் காபியை ஆறவிட்டுத் திரைமேல் குனிந்திருக்கிறாள். நூற்றுப்பத்து கிலோமீட்டரில், வெயில் போனதும் காற்றின் மின்னூட்டம் கலைந்திருக்க வேண்டிய இடத்தில், பென்சிலால் இழுத்தாற்போல் ஒரு மெல்லிய கோடு. புதிதாக வந்த பொறியாளர் அதை இரைச்சலென்று அழிக்கப் போகிறார். “ஐயோ, கை வைக்காதீங்க சார்! விண்கல் எரிஞ்சு விட்டுட்டுப் போன இரும்பு அது, அதுல ஏறின மின்னூட்டம் லேசுல கலையாது. மேல ஒரு காத்து மேற்க போகுது, கீழ ஒண்ணு கிழக்க போகுது. பூமியோட காந்தமும் சேர்ந்து அதை நடுவுல போட்டு நெருக்குது. எங்க வீட்டுல மாமியாருக்கும் அவருக்கும் நடுவுல நான் இருக்கேனே, அதே கதைதான்.” பொறியாளர் சிரிக்கிறார். மேசையில் அவள் கைபேசி அதிர்கிறது: ‘அத்தை’. அது ஓய்ந்ததும் மறுபடி அதிர்கிறது: ‘அவர்’. அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறாள். “இப்படியே நெருக்கினா நசுங்கிப் போயிடாதா மேடம்?” “நெருக்கற வரைக்கும் கெட்டியா நிக்கும் சார். காத்து ஓஞ்சாதான் கலைஞ்சு போகும்” என்கிறவள், தான் சொன்னது அப்போதுதான் தன் காதில் விழுந்ததுபோல, கோட்டின் மேல் வைத்த விரலை எடுக்காமல் இருக்கிறாள்.