ரொட்டிச் சத்தம்

"சுவர்ணா வீட்ல ரொட்டி தட்ட ஆரம்பிச்சாச்சு" என்றாள் நீலவ்வா. சுவருக்கு அப்பால் பட் பட்டென்று சத்தம் கேட்டது.

முற்றத்தின் எதிர்ப்பக்க ஜன்னலில் ரேணுகா தலையை நீட்டினாள். "கேட்குது, கேட்குது. உங்க வீட்ல என்னக்கா ராத்திரிக்கு?"

"எண்ணெய்க் கத்திரிக்காய். மாமனாருக்குப் பல்லில்லை, அவருக்குக் கஞ்சி. உனக்கு?"

"கடலைமாவைக் கிண்டி வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கு அதுன்னா உசுரு. எனக்கு அதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது."

தார்வாடில் அந்த முற்றத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் விளக்கேற்றும் நேரத்துக்கு இந்தப் பேச்சு தினமும் நடக்கும். யார் வீட்டில் என்ன என்று கேட்டு, கிண்ணங்கள் கைமாறும். சுவர்ணா மட்டும் சில மாதமாக ஒரே பதில்தான் சொல்வாள்: "ரொட்டிதான்க்கா."

அது ரொட்டிச் சத்தம் இல்லை என்று நீலவ்வாவுக்கும் தெரியும், ரேணுகாவுக்கும் தெரியும். ஒரு நாள் குழாயடியில் சுவர்ணாவின் கன்னத்தில் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. "யாருடி அடிச்சது?" என்று நீலவ்வா விடாமல் கேட்டாள். "வேற யாரு? எங்க வீட்டு ஆம்பிளைதான்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் சுவர்ணா.

அவள் புருஷன் ஈரப்பா தையற்காரன். தலை நிமிராமல் போவான், தலை நிமிராமல் வருவான். இப்படிப்பட்ட ஊமைகளை நம்பவே கூடாது என்பது ரேணுகாவின் கட்சி. நேற்று நீலவ்வா சட்னிப்பொடி கொடுக்கப் போனபோது அவன் புருவத்தில் வெட்டுக் காயம் இருந்தது. "கதவு இடிச்சிருச்சு" என்றான். சுவர்ணா ஒருவழியாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நீலவ்வாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

இன்று சத்தம் நிற்கவில்லை. பாத்திரங்கள் உருண்டன. சுவர்ணாவின் அலறல் ஒன்று கிளம்பிப் பாதியில் அறுந்தது.

அடுத்த நிமிஷம் சுவர்ணா வீட்டுப் பின்கதவு திறந்தது. அவள் மகன் மல்லேஷ் மூச்சிரைக்க ஓடிவந்தான். படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவன். முற்றத்தில் யார் வீட்டுச் சிலிண்டரானாலும் தூக்கி வருவது அவன் தோள்தான்.

"அத்தை! சீக்கிரம் வாங்க! இன்னிக்கு அம்மாவைக் கொன்னே போட்டுடுவாரு!"

நீலவ்வா அடுப்பைக்கூட அணைக்கவில்லை. ரேணுகா ரொட்டிக்கல்லோடு ஓடிவந்தாள்.

சுவர்ணா அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்தை நனைத்திருந்தது. ஈரப்பா அவள் மேல் கவிழ்ந்து, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் சட்டை முதுகுப்பக்கம் கிழிந்து தொங்கியது.

"விடுடா அவளை!" நீலவ்வா அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். அவன் எழுவதற்குள் ரேணுகாவின் ரொட்டிக்கல் அவன் வாயில் இறங்கியது. பல் ஒன்று தெறித்து மாவுப் பாத்திரத்தில் விழுந்தது.

"பொம்பளைய அடிக்கிற கையாடா இது? இந்தக் கையா?"

"அக்கா... நான் சொல்றதை..." என்று ஈரப்பா வாயெடுத்தான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நாங்க தினமும் காதால கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்!"

மல்லேஷ் மூலையில் சாத்தியிருந்த மிளகாய் இடிக்கும் உலக்கையை எடுத்து நீலவ்வாவின் கையில் கொடுத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. "நீங்களே குடுங்க அத்தை. பெத்த அப்பன் மேல நான் கை வைக்க முடியுமா?"

இத்தனை நாள் ஜன்னலில் நின்று கத்திரிக்காயும் கடலைமாவும் பேசிக்கொண்டிருந்த வெட்கம் நீலவ்வாவின் கைக்கு ஏறியது. முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்தது அவள் காதுக்கே கேட்டது. அடுத்தது விலாவில். அவன் கையெடுத்துத் தடுக்கவில்லை. கத்தவும் இல்லை. நீலவ்வாவின் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டே அடி வாங்கினான். அந்தப் பார்வை அவளை இன்னும் கொதிக்கவைத்தது. ஓங்கி மறுபடியும் இறக்கினாள். ஈரப்பா சுவரோரம் சரிந்து, ரத்தமாகக் கக்கினான்.

மயங்கிக் கிடந்த சுவர்ணாவுக்கு அப்போதுதான் நினைவு திரும்பியது. தரையில் தவழ்ந்து வந்து புருஷன் மேல் விழுந்து அவனைக் கட்டிக்கொண்டாள். ஏதோ சொல்லப் பார்த்தாள். வீங்கிய தாடை அசையவில்லை. வெறும் முனகல்தான் வந்தது.

"பாருங்கக்கா இவளை!" ரேணுகா தலையில் அடித்துக்கொண்டாள். "இவ்வளவு வாங்கியும் இன்னும் புருஷனுக்குத்தான் வக்காலத்து!"

"தள்ளுடி சுவர்ணா" என்று நீலவ்வா உலக்கையை மறுபடி ஓங்கினாள். "இன்னையோட இவன் கை எழும்பக் கூடாது. தள்ளு!"

சுவர்ணா தள்ளவில்லை. இரண்டு கையாலும் உலக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, வாயில் நிறைந்திருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"அவரில்லக்கா... இதை உங்க கையில எடுத்துக் குடுத்தானே, அவன்."