தோகை அறுத்த கை

புழு தண்டைக் குடையத் தொடங்கினால் மக்காச்சோளம் ஒரு வாசனையை விடும். அதை மோந்து எங்கிருந்தோ குளவிகள் வந்து புழுவை முடித்துவிடும்.

அன்னக்கொடி மக்காச்சோளக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது தம்பி வேலுச்சாமி பார்க்க வந்தான்.

“கையெல்லாம் என்னக்கா காயம்?”

“தோகை அறுத்துருச்சு தம்பி.”

முந்தின நாள் புருஷன் முறுக்கியதில் வளையல் உடைந்து கீறிய கை அது. சோளத் தோகையின் கூர் ஓரம் அறுத்தாலும் அப்படித்தான் இருக்கும்.

“முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு காட்டுல இறங்குக்கா.” வாழைப்பழச் சீப்பை வரப்பில் வைத்தான். மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் அவள் மறுபடி குனிந்தாள். எதிரே ஒரு தண்டில் கடுகளவு துளை. அதைச் சுற்றிக் குளவிகள் வந்திருந்தன.

“நீயாவது சொல்லிட்ட” என்றாள் அந்தத் தண்டைத் தொட்டு.