முதல் க்ளோசப்

“மேத்தானி! என்னை அநாதையா விட்டுட்டுப் போயிட்டியே, தோஸ்த்!”

குல்பூஷண் நாரங் சுவரைப் பிடித்துக்கொண்டு கதறினார். தோள் குலுங்கியது, குரல் உடைந்தது. கண்ணில் மட்டும் ஒரு சொட்டு நீர் இல்லை.

“சத்தம் ஜாஸ்தி,” என்றாள் மனைவி வீணா, அவருடைய வெள்ளைக் குர்த்தாவை இஸ்திரி போட்டபடி. “பக்கத்து ஃப்ளாட்காரங்க எனக்கு ஆறுதல் சொல்ல வந்துடப் போறாங்க. பாதியாக் குறைங்க. அப்பதான் சஹானி நம்புவாரு.”

நாரங்கும் மேத்தானியும் நாற்பது வருஷமாக இந்தி சினிமாவில் அப்பாக்கள். ஒரே வேஷத்துக்கு இருவரும் அடித்துக்கொள்வார்கள். மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். போன வாரம் மேத்தானி போய்ச் சேர்ந்தார், தயாரிப்பாளர் சஹானியின் படத்தை முடிக்காமலே. இன்று மாலை மும்பை ஜுஹுவில் அவருக்காகப் பிரார்த்தனைக் கூட்டம். சஹானி நிச்சயம் வருவார்.

நாரங்குக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். இருநூற்று எண்பது படத்தில் ஒரு க்ளோசப்கூட இல்லை என்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஹீரோவின் முகம் தெரிவதற்காக எப்போதும் இவர் முதுகுப்பக்கமே கேமராவை வைத்துவிடுவார்கள். இவருடைய வலது தோள் நடித்த அளவுக்கு முகம் நடித்ததில்லை.

கூட்டத்துக்குப் போனால், இந்தி சினிமாவின் மற்ற மூன்று அப்பாக்களும் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார்கள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, சஹானியின் கண்ணில் படுகிற மாதிரி இடம் பிடித்து, ஆளுக்கொரு சுருதியில் விசும்பிக்கொண்டிருந்தார்கள். நாரங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விறுவிறுவென்று போய் மாலை போட்ட படத்தின் முன்னால் நின்றார். மேத்தானி சிரித்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன், போன மாதம்கூடத் தன் வீட்டு ரொட்டியில் பாதியைப் பிய்த்து இவர் தட்டில் வைத்தவர். ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை. நாரங் நிஜமாகவே அழுதுவிட்டார். என்ன காரியத்துக்காக வந்தோம் என்று நினைக்கையில் வெட்கமாகவும் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், எதிரே சஹானி. தலை கவிழ்ந்து, நாரங்கின் வெறும் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து தொட்டுக் கும்பிட்டார். ஒரு முறைக்கு இரண்டு முறையாக, கணுக்கால் வரைக்கும் தொட்டார்.

இந்தக் காலத்திலும் பெரியவர்களிடம் இத்தனை மரியாதையா! நாரங் நெகிழ்ந்துபோய் அவர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

“நாரங் ஜி, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. மேத்தானி ஜி ஒரே ஒரு நாள் வேலையை பாக்கி வெச்சுட்டுப் போயிட்டாரு. நீங்கதான் நடிச்சுக் குடுக்கணும்.”

“ஒரு நாள்தானா?”

“ஒரு நாள்தான். ஆனா படத்தோட உயிரே அந்த சீன்தான். ஹீரோ உங்களைக் கட்டிப் புடிச்சுக் கதறுறான். கேமரா ஒரு நிமிஷம் உங்க மேலயே நிக்குது. க்ளோசப்!”

நாரங் குர்த்தாவை நீவிவிட்டுக்கொண்டார். “வசனம்?”

“அந்த மாதிரி இடத்துல வசனம் எதுக்கு ஜி? நாளைக்குக் காலைல ஏழு மணி. நான் கார் அனுப்பறேன்.”

மற்ற மூன்று அப்பாக்களின் விசும்பலும் சட்டென்று நின்றது. நாரங் ஓரமாக ஒதுங்கி, வீட்டுக்கு போன் போட்டார்.

“வீணா! க்ளோசப் குடுத்துட்டாங்க!”

“எந்தத் தோளுக்கு?”

“தோளு இல்ல வீணா! எனக்கு! முழுசா ஒரு நிமிஷம்!”

வீணாவின் குரல் கம்மியது. “ஹே பகவான்! முதல்ல ஏதாவது சாப்பிடுங்க. அப்புறம்... மேத்தானி பாய்க்கு மீசை கிடையாதே, உங்க மீசையை என்ன பண்றது?”

அதுவும் சரிதான். நாற்பது வருஷமாக எண்ணெய் தடவி வளர்த்த மீசை. ஆனால் க்ளோசப்புக்காக மூக்கையே கேட்டாலும் கொடுக்கிற நிலையில் நாரங் இருந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினார். சஹானி காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

“சஹானி ஜி! மீசையை எடுத்துடறேன். இன்னிக்கே எடுத்துடறேன்!”

சஹானி கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“மீசை கிடக்கட்டும் ஜி, பொணத்தோட முகத்தை மூடித்தான் வெச்சிருப்போம். நீங்க கால் நகத்தை மட்டும் வெட்டிட்டு வாங்க!”