குளித்து வந்த தோசைக்கல்

ஒரு டிபன் கடைக்கு வெள்ளி டம்ளர் புது முதலாளியாக வந்தது. வந்ததும் வராததுமாகச் சட்டம் போட்டது: "இங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் என்னைப்போலப் பளபளக்க வேண்டும்."

இரும்புத் தோசைக்கல்லைப் பார்த்து முகம் சுளித்தது. "ஏ கரிமூஞ்சி, தேய்த்துக் குளி. இல்லையென்றால் வேலை கிடையாது."

"முதலாளி, இது அழுக்கில்லை. பத்து வருஷம் எண்ணெய் குடித்துப் பழகிய உடம்பு. தேய்த்தால் தோசை எழும்பாது."

"வாயைக் குறை!"

வேலை போனால் தோசைக்கல் எங்கே போவாள்? சோப்பும் நாருமாகத் தேய்த்துக்கொண்டு மினுமினுவென்று வந்து நின்றாள். டம்ளருக்கு வாயெல்லாம் பல்.

முதல் தோசை அட்டையாக ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கந்தலாகப் பிய்ந்தது. பசியோடு வரிசையில் நின்ற தட்டுகள், "ஏன்யா, தோசை உண்டா, நாங்கள் எதிர்க்கடைக்குப் போகட்டுமா?" என்று கடகடத்தன.

டம்ளருக்கு வியர்த்துவிட்டது. "அம்மா தாயே, பழையபடி ஆகிவிடேன்!"

"ஆகிறேன். இனி என் மேனியைப் பற்றி நீங்கள் வாயே திறக்கக் கூடாது."

"திறக்கவே மாட்டேன்!"

"அப்படியானால் அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு என்மேல் தேயுங்கள். நீங்களேதான். உங்கள் மேல் அடுப்புக்கரி ஒட்டுமே, பரவாயில்லையா?"

"ஒட்டட்டும்!"

டம்ளர் மூச்சு வாங்கத் தேய்த்தது. அடுத்து ஊற்றிய தோசை ஓரம் முறுகி, பூப்போல எழும்பியது.

தோசைக்கல் டம்ளர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "யாரது, அடுத்த தட்டு வரலாம்!" என்றாள்.