சம்பங்கியின் வாய்

ஏற்காட்டு ஏரிக்கரையில் பஸ் நின்றதும் சம்பங்கி ஆரம்பித்துவிட்டாள்.

"எறங்குய்யா. குந்தின எடத்துலயே தூங்கறதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?"

அவள் புருஷன் வேலு இறங்கி, கண்ணில் பட்ட முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

ரத்தினம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்து மேஸ்திரி துரையின் மனைவி. துரையின் கேங்கில்தான் வேலுவுக்கு வேலை. கேங் ஆட்களெல்லாம் குடும்பத்தோடு சேர்ந்து பிடித்த பஸ் இது. இத்தனை பேர் காதுபடப் புருஷனைத் திட்டுகிறாளே, இவளும் ஒரு பொம்பளையா?

ஏரியைப் பார்த்ததும், நம்ம பேத்தமங்கலம் ஏரி இதைவிடப் பெரிசு என்று எல்லாரும் சொல்லிவிட்டு, படகுக்கு வரிசையில் நின்றார்கள். லேடீஸ் சீட் என்ற மலைமுனையில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். அப்புறம் கரடிக் குகை. வருஷம் முழுக்க பூமிக்கடியில் கிடப்பவர்கள், லீவு போட்டு வந்து ஒரு குகைக்குள் நுழைய முண்டியடித்தார்கள்.

வேலு எதற்கும் வரவில்லை. போன இடமெல்லாம் சம்பங்கியின் திட்டுதான் கேட்டது.

கடைசியாக அருவி. பாறை வழியாக இறங்கி ஏற வேண்டும். துரை கூப்பிட்டார்.

"வேலு, இதுக்காச்சும் வாப்பா."

வேலு வாயைத் திறப்பதற்குள் சம்பங்கி முந்திக்கொண்டாள். "அவரு எங்க வருவாரு, மேஸ்திரி? தின்ன சோறு செரிக்காம மலைப்பாம்பாட்டம் கெடக்கறாரு. நீங்க போங்க."

எல்லாரும் சிரித்தார்கள்.

இன்றைக்கு இவளை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முடிவு கட்டி, கால் வலிக்கிறதென்று சொல்லிவிட்டு ரத்தினம்மா பாதி வழியில் திரும்பினாள்.

பஸ்ஸுக்குப் பின்னால் வேலு குனிந்து நின்றிருந்தான். மூச்சு உள்ளே போகாமல் நெஞ்சு விசில் அடித்தது. சம்பங்கி அழுதுகொண்டே அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இருமாதய்யா. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா கம்பெனி டாக்டர்கிட்ட அனுப்பிடுவாரு. வேல போனா அவங்க குடுத்த லைன் வூடும் போயிடும். புள்ளைங்கள இட்டுக்கினு எங்க போறது?"

"வேலைல எப்பிடியோ சமாளிச்சுடறேன். மேடுதான் ஏற முடியல. நாம வந்திருக்கவே கூடாது."

"வரலன்னா மட்டும் ஏன்னு கேக்க மாட்டாங்களா?"

"எல்லாரும் உன்னத்தான் ஏசறாங்க, சம்பங்கி."

"ஏசட்டும். உன்ன சோம்பேறின்னு நெனைக்கட்டும், நோயாளின்னு நெனைக்கக் கூடாது."

ரத்தினம்மா சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பினாள்.

அருவியிலிருந்து ஏறி வந்த துரை அவளைப் பார்த்ததும் நின்றார்.

"ஏன் ரத்தினம், காலைலேருந்து பாக்கறேன், வேலு ஒண்ணுத்துக்கும் வரல. ஒடம்பு கிடம்பு சரியில்லையா அவனுக்கு?"

ரத்தினம்மா முகத்தைச் சுளித்தாள்.

"ஒடம்புக்கு இன்னா கேடு? கொழுப்பு. எனக்கு வாச்ச ஆளா இருந்தா, சம்பங்கியவிட ரெண்டு பங்கு திட்டியிருப்பேன்."