பெயிண்ட் உதிர்ந்த வீடு

"அந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?"

என் கணவர் கர்ட் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாருக்கு?"

"வேற யாரு? எதிர் வீட்டுச் சொந்தக்காரர் வெர்லினுக்குத்தான். தெருக்கோடியில தான் குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பளபளன்னு பெயிண்ட். வாடகைக்கு விட்டது சொறி பிடிச்ச மாதிரி நிக்குது."

"நமக்கெதுக்கு, மார்லிஸ், ஊர் வம்பு?"

"ஊர் வம்பா? நாளைக்கே நம்ம வீட்டை விக்கப் போனா, வாங்க வர்றவன் கண்ணுல முதல்ல படறது அதுதான்!"

என் எரிச்சல் எங்கள் வீட்டு விலைக்காக மட்டுமில்லை. எதிர் வீட்டில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கும் கென்ட்ராவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு பெண் குழந்தைகளைத் தனியாக வளர்க்கிறாள். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஒரு பெரிய சரக்குக் கிடங்கு வந்து வேலையாட்கள் குவிந்ததிலிருந்து வாடகை கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த கணக்கு வாத்தியார் போன குளிர்காலம் பூராவும் படுக்கை வசதியுள்ள கேம்பர் வண்டியில்தான் குடியிருந்தார். இந்த வீட்டை விட்டால் கென்ட்ராவுக்குப் போக்கிடம் கிடையாது. அது தெரிந்துதான் வெர்லின் இப்படி அலட்சியமாக இருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாமே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று சர்ச்சில் பேசினேன். ஜூன் மாதம் வெர்லின் ஒரு வாரம் மின்னசோட்டாவுக்கு மீன் பிடிக்கப் போவார். அவர் ஊரில் இல்லாத அந்தச் சனிக்கிழமை காலையில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஏணி, சுரண்டி, பிரஷ் சகிதம் போய் இறங்கினோம்.

கதவைத் திறந்த கென்ட்ரா வெலவெலத்துப் போனாள்.

"ஐயையோ, வேண்டாம் மார்லிஸ். அவரைக் கேக்காம..."

"நீ ஏன் பயப்படறே? கேட்டா நான் பேசிக்கறேன்."

"பயமெல்லாம் இல்லை. அவருக்குப் பிடிக்காது. நிஜமாவே வேண்டாங்க."

"பாத்தீங்களா, எப்படி மிரட்டி வெச்சிருக்காருன்னு!" என்றேன் மற்றவர்களிடம். எல்லோரும் உச்சுக் கொட்டிவிட்டு ஏணியைச் சாத்தினார்கள்.

மத்தியானம் பிரஷ் கழுவ உள்ளே போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். புது சமையல் மேடை, புது அடுப்பு. கீழே நிலவறைக்கு இறங்கினால், அங்கே வீட்டைச் சூடாக்கும் புத்தம்புது ஹீட்டர்.

"இதெல்லாம் உன் கைக்காசா கென்ட்ரா?"

"அது... இருக்கட்டும் விடுங்க" என்று பேச்சை மாற்றினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் வாங்குகிற சம்பளத்தில் அடுத்தவர் வீட்டுக்கு ஹீட்டர்! அந்த ஆத்திரத்திலேயே இன்னொரு கோட் அடிக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வந்த கர்ட்கூட சாயங்காலம் சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் தெருத்தெருவாக வீடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிற கவுண்டி ஆபீஸ்காரர். சாலையில் நின்றபடியே படம் எடுத்தார்.

"அடையாளமே தெரியலையே! இது அந்தப் பழைய வீடுதானா?" என்றார்.

"அதேதான். எங்க சர்ச் ஆளுங்க செஞ்சது" என்றேன். பக்கவாட்டிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

புதன்கிழமை வெர்லின் திரும்பி வந்தார். படகைக் கட்டி இழுத்து வந்த வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். நான்கு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனங்களோடு நான் ஓடினேன்.

"யாரு செஞ்சது இது?"

"நாங்கதான். நீங்க செஞ்சிருக்க வேண்டியதை நாங்க செஞ்சோம். ஒரு நன்றி சொன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க!"

அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "வெள்ளைக் கார் வந்துச்சா?"

"வந்துச்சே. போட்டோகூட எடுத்தாரு. ரொம்ப மெச்சிக்கிட்டுப் போனாரு."

வெர்லின் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன மனுஷங்க நீங்க? அந்தப் பொண்ணு அடுப்பு, ஹீட்டர்னு தன் காசைக் கொட்டி இழைச்சிருக்கா. ஒரு டப்பா பெயிண்ட் வாங்க உங்களுக்கு மனசு வரலை!"

"அவ காசு இல்லை."

"பின்னே?"

"நான் போட்டது. நான்தான் வெளியே சொல்லாதேன்னேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உள்ளே அவ்வளவு செஞ்சவர் வெளியே மட்டும் ஏன் இப்படி..."

"கவுண்டி ஆளுங்க உள்ளே வர மாட்டாங்க மார்லிஸ். ரோட்டுல நின்னு பாத்துதான் வீட்டுக்கு மதிப்புப் போடுவாங்க. மதிப்பு ஏறினா வரி ஏறும். இத்தனை நாளா அது ஏறாததாலதான் ஒன்பது வருஷமா அவ வாடகையை நான் ஏத்தலை. அதுக்கு மேல வரி கட்ட என் பென்ஷன் தாங்காது."

ஜன்னலுக்குப் பின்னால் கென்ட்ரா நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க எனக்கு முகமில்லை.

வெர்லின் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

"எத்தனை கோட் அடிச்சீங்க?"

"ரெண்டு" என்றேன்.

"நல்ல பெயிண்ட்" என்றார் வெர்லின். "பத்து வருஷத்துக்கு உதிராது."