எந்தக் கையில் கட்டுவது

அவள் அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் மறுபடியும் அதிர்ந்தது.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

ஒரு வாட்ச் படம். அதன் கீழே இன்னொரு வாட்ச்.

டல்லாஸில் இருக்கும் அண்ணன் குடும்பக் குழுவில் போட்டிருந்தான். அடுத்த மாதம் அப்பாவுக்கு எண்பது வயது முடிகிறது. அண்ணனும், ஆக்லாந்தில் இருக்கும் தம்பி இளங்கோவும் சேர்ந்து அவருக்கு வாட்ச் வாங்கப்போகிறார்கள்.

'முதல்ல இருக்கறது இருநூறு மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணி தாங்கும். ரெண்டாவது நூறுதான். ஆனா அதுல திசைகாட்டி இருக்கு.'

திசைகாட்டி.

வாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து அப்பா கட்டிலை விட்டு எழுந்ததில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும் அவள்தான் புரட்டிவிட வேண்டும்.

'கீழ விழுந்தா எது தாங்கும்ணே?' தம்பி கேட்டிருந்தான்.

'ரெண்டுமே தாங்கும். பாறையில அடிச்சாலும் ஓடும். முதல் வாட்ச் கண்ணாடியில கீறல்கூட விழாது.'

அவளுடைய முன்கை முழுக்கக் கீறல்கள். தூக்கும்போது அப்பா பயந்துபோய் நல்ல கையால் பற்றிக்கொள்வார்.

அவள் பழைய செய்திகளைத் தேடிப் போனாள். வாட்ச். வாட்ச். பட்டை ரப்பரில் வேண்டுமா, உலோகத்தில் வேண்டுமா என்று ஒரு நீண்ட விவாதம். அதையெல்லாம் தாண்டிய பிறகுதான் நேற்று அவள் எழுதியது கிடைத்தது.

'கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன இனிமேலும் தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் என்னால அப்பாவத் தூக்க முடியாது. யாராவது ஒருத்தர் வந்து ஒரு மாசம் இருங்க.'

அண்ணன் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தான். தம்பி, 'உடம்பப் பாத்துக்கோக்கா' என்று எழுதியிருந்தான்.

அதற்கு அடுத்தது முதல் வாட்ச்.

காது மடல் சுட்டது. கஞ்சி ஆடை கட்டிவிட்டது. அப்பா வாயைத் திறந்து காத்திருந்தார்.

அவள் கரண்டியை வேகமாக நுழைத்தாள். அவருக்குப் புரையேறியது. கண்ணில் நீர் வரும்வரை இருமினார்.

நெஞ்சைத் தடவிவிட்டாள். போக வேண்டிய இடத்துக்குப் போகாத கோபம் இவர் தொண்டையில் போய் நின்றுவிட்டது. அதற்கும் சேர்த்துப் பல்லைக் கடித்தாள்.

போன் அதிர்ந்தது. அண்ணன்.

'ரெண்டுக்குமே பேட்டரி மாத்த வேண்டாம். வெயில்ல வச்சா தானா சார்ஜ் ஆயிக்கும். உனக்கும் வேலை மிச்சம்.'

உனக்கும் வேலை மிச்சம்.

அவள் எழுதினாள். அழித்தாள். இன்னும் மோசமாக ஒன்று எழுதினாள். அதையும் அழித்தாள்.

'அண்ணே, இந்த ரூம்புக்கு வெயில் வராது. ஜன்னலுக்கு வெளிய பக்கத்து வீட்டுச் செவரு. அப்பா வெயிலப் பாத்து ஒரு வருசமாச்சு. அவர வெளிய தூக்கிட்டுப் போக ஆள்தான் வேணும்.'

குறிகள் இரண்டும் நீலமாயின. இருவரும் படித்துவிட்டார்கள்.

இளங்கோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. அவள் காத்திருந்தாள். அண்ணனைப் போல இல்லை, தம்பி இளகின மனசுக்காரன்.

'கவலப்படாதக்கா. ரெண்டாவது வாட்ச் டியூப்லைட் வெளிச்சத்துலயே சார்ஜ் ஆகுமாம்.'

கையோடு அண்ணனும் எழுதினான்.

'அப்ப அதையே ஆர்டர் போட்ருவோம். அப்பா எந்தக் கையில கட்டுவாரு?'

அவள் குழுவிலிருந்து வெளியேறினாள். போனைக் கட்டிலின் மேல் வீசினாள்.

அது அப்பாவின் இடது மணிக்கட்டில் பட்டு விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் மணி அடித்தது. அண்ணன்தான். அவன் போனில் கூப்பிட்டுப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மீண்டும் அடித்தது.

"யாரும்மா?" என்றார் அப்பா.

"வாட்ச் விக்கிறவங்க."

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம்னு சொல்லிரும்மா. சொல்லாட்டி அடிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டாள். அண்ணன் பேசத் தொடங்குவதற்குள் அதை அப்பாவின் வாயருகே பிடித்தாள்.